அப்பா இல்லீங்க, மாமா

"அப்பா இல்லீங்க, மாமா" என்று திருத்திவிட்டுத்தான் ஷட்டர்க்காரர் மருந்துச் சீட்டைக் கையில் வாங்குவார். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டே "அப்பா கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றது ஒரு பேச்சுக்கு. அவருக்கு அது வெறும் பேச்சு இல்லை. பள்ளிக்கூடக் காவலாளி, செருப்புக் கடைப் பெண், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், யாரையும் விடமாட்டார். "பொண்ணு அப்படியே உங்க ஜாடை" என்று எவராவது வாயைக் கொடுத்துவிட்டால் போச்சு. "அவ என் தங்கச்சி ஜாடை. தங்கச்சி என் ஜாடை. அதுக்கு நான் என்ன பண்ண?" என்பார்.

கடைகளின் இரும்பு ஷட்டரைப் பழுது பார்ப்பது தொழில். ஏறினது இறங்கவில்லை, இறங்கினது ஏறவில்லை என்று கூப்பிட்டால் பழைய வேனில் ஏணியோடு போய் நிற்பார். வேலை இல்லாமல் தெருவில் சும்மா நடந்தாலும், மூடிக் கிடக்கிற ஷட்டரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தாண்டுவார். சத்தம் சரியில்லை என்றால், "கிரீஸ் வைக்கக்கூட மனசு வராது, கஞ்சப்பய" என்று அங்கே இல்லாத கடைக்காரரைத் திட்டுவார். இரும்புச் சத்தத்திலேயே காலம் போனதால் ஒரு காது மந்தம். அவர் ரகசியம் பேசினால் நாலு கடைக்குக் கேட்கும். உள்ளங்கை இரண்டும் காய்த்துப் பலகையாகிவிட்டன. அந்தக் கையால்தான் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தலை வாரி ரிப்பன் கட்டுவார். கட்டினால் முடிச்சு அவிழாது. சாயங்காலம் கத்தரிக்கோல்தான்.

அந்தப் பிள்ளைக்கு அவர் வைத்த பேர் சுண்டு. தங்கையின் மகள். அவள் நடை பழகுவதற்கு முன்னாலேயே, காய்ச்சல் என்று படுத்த தகப்பன் எழுந்திருக்கவில்லை. தங்கை தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். ஷட்டர்க்காரர் கல்யாணம் என்ற பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மூன்று பேரும் ஒரே வீடு. வாசலுக்குப் பக்கத்து ஆணியில் மாப்பிள்ளையின் ஹெல்மெட் இன்னும் தொங்குகிறது. அதை எடுத்துத் தூசி தட்டுவார், துடைப்பார், திரும்ப மாட்டுவார். தலையில் போட்டது கிடையாது.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுண்டு, பையைக் கழற்றாமலே சொன்னாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் அப்பாக்களோடு ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தூங்கிவிட்டு வந்தார்களாம். அம்மாக்கள் கிடையாதாம். அடுத்த மாதமும் போகிறார்களாம். "நான் போக முடியாதுல்ல மாமா?" என்று கேட்டாள். அழவில்லை. சும்மா, மழை பெய்கிறதா என்று கேட்கிற மாதிரி.

"முடியாதுன்னு எவன் சொன்னான்?"

இது அவருடைய வழக்கமான கேள்வி. துருப்பிடித்த பூட்டில் ஆரம்பித்து மின்சார ஆபீஸ் வரைக்கும் எல்லாரிடமும் இதைத்தான் கேட்பார். பதில் வருவதற்குள் கிளம்பிவிடுவார்.

சொன்னவர் இருந்தார். முகாமை நடத்துகிறவரை எல்லாரும் தலைவர் என்பார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், நல்ல மனிதர்தான், விசில் இல்லாமல் வெளியே வரமாட்டார். புறப்படுகிற அன்று காலையில், பஸ் படியில் கால் வைத்த ஷட்டர்க்காரரை மெதுவாக ஓரம் கட்டினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இது அப்பாவும் மகளும் போற முகாம்."

"தெரியும்."

"நீங்க மாமான்னு சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"இல்ல சார், ஒருத்தருக்கு விட்டா நாளைக்குச் சித்தப்பா வருவாரு, பெரியப்பா வருவாரு…"

"வரட்டுமே. ஏரி என்ன சின்னதா?"

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் சுண்டுவைப் பார்த்தார். அவள் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மனசு இளகிவிட்டது. ஒரு வழி கண்டுபிடித்தார். "சரி, வாங்க. ரெண்டு நாளைக்கு அப்பாவாவே இருந்துடுங்க. யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க. எதுக்குப் பிள்ளைங்க மத்தியில அந்தப் பேச்சு?" என்று ஒரு நீலத் தொப்பியைக் கையில் திணித்தார். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'அப்பா' என்று அச்சடித்திருந்தது.

ஷட்டர்க்காரர் தொப்பியைப் பார்த்தார். உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டித் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினார். தையல் நூலெல்லாம் நெற்றியில் தொங்கியது.

ஊர் எல்லை தாண்டியதும் சுண்டு அவர் காதுக்குக் கிட்டே வந்தாள். மந்தமான காது எது என்று அவளுக்குத் தெரியும். நல்ல காதில்தான் கேட்டாள். "மாமா, இங்க மட்டும் உங்களை அப்பான்னு கூப்பிடட்டா? எல்லாரும் கூப்பிடுறாங்க."

எவனுக்கும் உரக்கப் பதில் சொல்கிற மனிதர் அவள் பக்கம் குனிந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, மெதுவாகப் பேசினார். "உனக்கு அப்பா இருந்தாரு சுண்டு. உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு வீடு முழுக்க நடப்பாரு. அந்தப் பேரு அவரோடது. அதை நான் எடுத்துக்கிட்டா அவருக்குன்னு என்ன இருக்கு? எனக்குத்தான் மாமான்னு ஒரு பேரு இருக்கே. அது என்ன மட்டமா?"

சுண்டு தலையணையை நடுவில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் மற்றவர்கள் கடையில் வாங்கிய கூடாரங்களை விரித்தார்கள். ஷட்டர்க்காரர் வேனிலிருந்து சுருட்டி எடுத்து வந்திருந்த தார்ப்பாயைக் கயிறு கட்டி நிறுத்தினார். காற்று அடித்ததும் அது படுத்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி படுத்தது. "என்னண்ணே, ஷட்டரை இறக்கிட்டீங்களா?" என்று ஒரு தகப்பன் கேட்க, கரையே சிரித்தது. "உங்களுது நல்லா நிக்குதில்ல? ராத்திரி நாங்களும் அங்கதான் வர்றோம், ஓரமா படுத்துக்கங்க" என்று இவர் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் சிரித்ததில் சுண்டு மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம். காலில் முள்ளா என்றால் இல்லை. மாமா என்ற சொல்லும் வாயில் வரவில்லை, அப்பா என்ற சொல்லும் வரவில்லை. தார்ப்பாய் விழுந்ததற்குக் கலங்காதவர் அதற்குக் கலங்கினார். நம்ம வீம்புக்குப் பிள்ளையைப் பலி கொடுத்துட்டோமோ என்று கயிற்றை முடிந்த இடத்திலேயே மறுபடி மறுபடி முடிந்துகொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் தலைவர் விசில் ஊதினார். விளையாட்டு. பெண்பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு கோட்டில் நிற்கவேண்டும். தகப்பன்மார் திடலில் ஆளுக்கொரு மூலையில். பிள்ளை 'அப்பா' என்று கூப்பிட்டால் அவளைப் பெற்றவர் கைதட்ட வேண்டும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து அவரைத் தொடவேண்டும்.

விசில் ஊதினதுதான் தெரியும். அத்தனை பிள்ளைகளும் ஒரே மூச்சில் "அப்பா!" என்று கத்தின. அத்தனை ஆண்களும் கைதட்டினார்கள். எந்தக் கை எவருடைய கை என்று யாருக்குத் தெரியும்? ஒருத்தி அடுத்தவர் தொப்பையில் போய் முட்டினாள். இன்னொருத்தி தண்ணீர்ப் பக்கம் நடந்து, இரண்டு பேர் ஓடிப்போய்த் திருப்பிவிட்டார்கள். ஒருவருக்கு மூன்று மகள்கள் சேர்ந்துவிட்டார்கள். தலைவரின் சொந்த மகளே அவரைத் தாண்டிப் போனாள்.

ஷட்டர்க்காரர் மட்டும் கைகட்டி நின்றார். கோட்டில் சுண்டு மட்டும் நகராமல் நின்றாள். கண்ணில் துணி, வாய் இறுக்கம்.

"கை தட்டுங்க சார், குழந்தை தனியா நிக்குது!" என்றார் தலைவர்.

"அவ இன்னும் கூப்பிடல."

"சும்மா தட்டுங்களேன், வந்துடுவா!"

"கூப்பிடட்டும்."

ஒவ்வொரு பிள்ளையாக யாரையாவது தொட்டு, துணியை அவிழ்த்து, திரும்பிப் பார்த்தது. கைதட்டல் குறைந்தது. திடலே இந்த இரண்டு பேரைப் பார்த்தது. "என்ன மனுஷன்யா இவரு" என்று ஒரு குரல் அவர் நல்ல காதில் விழுந்தது. அவள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

சுண்டுவின் நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது.

"மாமா!"

சந்தையில் கூவி விற்கிறவள் தோற்றாள். அக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது அந்தக் குரல்.

பலகைக் கை இரண்டும் மோதின. இரும்பில் சம்மட்டி விழுந்த மாதிரி ஒரு தட்டு. மறுபடி ஒன்று. வேறு எவரும் தட்டவில்லை. கோட்டிலிருந்து சுண்டு ஓடி வந்தாள், தடவிக்கொண்டு இல்லை, கையை முன்னால் நீட்டிக்கொண்டு இல்லை, கண் திறந்திருக்கிற பிள்ளை ஓடுகிற மாதிரி. வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "மாமா, தொட்டுட்டேன்" என்றாள். தலைவர் விசில் ஊதினார்.

ஷட்டர்க்காரர் கைதட்டிக்கொண்டே இருந்தார்.