சாய்லிக்கு ஒரு வரிசை

மஞ்சள் துணியின்மேல் சிவப்புத் துணியை வைத்து, ஓரம் பிசகாமல் விரலால் நீவி, மூன்று பக்கமும் ஓட்டுத் தையல் போடுகின்றன அந்தக் கைகள். திறந்திருக்கும் நான்காம் பக்கம் வழியாகத் துணியை உள்வெளியாகப் புரட்டி, ஊசி முனையால் மூலைகளை நிமிண்டி எடுத்ததும் உள்ளங்கை அகலத்தில் ஒரு மடல் கிடைக்கிறது. ஒரு பக்கம் பள்ளிப் பேருந்தின் மஞ்சள். மறுபக்கம் கல்யாணச் சிவப்பு. மடலின் தலையில் ஒரு பொத்தான். ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை மடல். ஒருத்தியின் பொத்தான் மாதிரி இன்னொருத்திக்கு இருக்காது. மடல்களை நீளத் துணியொன்றில் வரிசையாகப் பொருத்தி, கதவோரம் மாட்ட வளையம் வைத்தால் வேலை முடிந்தது. பிள்ளை பள்ளிக்குப் போகையில் மஞ்சளைத் திருப்ப வேண்டும். வீடு திரும்பியதும் சிவப்பு. எழுத்தே அறியாத அம்மாவுக்கும் யார் வெளியே, யார் உள்ளே என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இதைக் கௌசிலா ரிஜாலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நேபாளத்து முகாம்களிலிருந்து பூட்டான் அகதிகள் ஒஹையோவின் இந்த மேட்டுத் தெருக்களுக்கு வந்து சேர்ந்த புதிதில், ஒரு புதன்கிழமை அரைநாள் பள்ளி என்று பிள்ளைகளை மதியமே இறக்கிவிட்டார்கள். எந்தப் பிள்ளை எங்கே என்று தெரியாமல் தெரு முழுக்க அம்மாக்கள் வெறுங்காலோடு ஓடினார்கள். அன்று சாயங்காலம் கௌசிலா தன் பழைய சிவப்புப் பாவாடையை எடுத்து வெட்டினாள்.

பள்ளி நிர்வாகம் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பெற்றோர் தொடர்பாளர். ஊர்க்காரர்களுக்கு அவள் ஸ்கூல் அக்கா. புதிதாக வந்தவர்களைப் பாலர் வகுப்பின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்காரவைத்து, தானே ஆசிரியையாகி எதிரில் உட்காருவாள். மதிப்பெண் எழுத்துகள், பஸ் நேரம், பல் டாக்டர் வரும் நாள் எல்லாம் நாடகமாக நடக்கும். எதற்கும் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "தலையாட்டாதீங்க. ஆட்டினா புரிஞ்சிருச்சுன்னு எழுதிக்குவாங்க. இங்க வாத்தியார் சாமி இல்ல. கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, கேக்காட்டாதான் சந்தேகப்படுவாங்க" என்பாள்.

பெற்றோர் சந்திப்பு நாளில் புதுசாக வந்த ஒரு அப்பா மேப்பிள் மரத்தில் நல்ல கொம்பாக ஒன்றை ஒடித்து, பட்டை சீவி, இரண்டு கையாலும் பவ்வியமாக ஆசிரியையிடம் நீட்டினார். ஆசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. கௌசிலா நடுவில் புகுந்து அதை வாங்கி, ஜன்னலோர அவரைச் செடிக்குப் பந்தக்கால் கொண்டுவந்திருக்கிறார் என்று மொழிபெயர்த்தாள். படியிறங்கும்போதுதான் அவருக்கு விஷயம் கிடைத்தது. "அடிங்கன்னு குச்சி குடுக்குற ஊரு இல்ல மாமா இது. நீங்க அடிச்சாலே உங்களத்தான் கூட்டிட்டுப் போவாங்க." அவரைக்கொடி இன்னமும் அந்தக் குச்சியில்தான் ஏறுகிறது.

அவளுடைய கைகளைவிட அதிகம் ஊருக்குப் பழக்கம் அவள் குரல். சுவரில் கம்பளி தொங்கவிட்ட ஒரு சிறு அறையில் உட்காரவைத்து, பள்ளியின் தொலைபேசிச் செய்திகளை நேபாளியில் அவளைப் பேசவைத்துப் பதிந்துகொண்டார்கள். பிள்ளை வராத நாளில் சாயங்காலம் ஆறரைக்கு அது வீட்டுக்கு வரும். "உங்கள் பிள்ளை" என்று கௌசிலாவின் குரல் சொல்லும். பிறகு சிறு இடைவெளி. பிள்ளையின் பெயரை மட்டும் இயந்திரம் வேறொரு தொண்டையால் சொல்லும். மறுபடியும் கௌசிலா: "இன்று பள்ளியில் இல்லை." எத்தனை வீடானாலும் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் அவள் பேசுவாள். பனி கொட்டும் விடியற்காலைகளில் பள்ளி விடுமுறை என்று ஊர் முழுவதையும் எழுப்புவாள். காது மந்தமான ஒரு கிழவர், "வாசல்ல ஏன் நிக்கிற, உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போ" என்று போனிலேயே அழைப்பார்.

இதனால் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடையில் கடுகெண்ணெய் கேட்டால்கூட அடுத்த வரிசையில் பிள்ளைகள் கப்சிப்பென்று ஆகிவிடுவதைப் பார்த்துவிட்டு, எங்கே பேசினாலும் முதலில் ஒரு தடவை இருமிக்கொள்வாள். இருமினால் ஆளு, இருமலைன்னா மெஷின் என்று ஊரில் கேலி பேசுவார்கள். தன் குரல் போகும் வீடுகளில் அந்த நேரத்தில் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள். ஆறரை மணிக்கு அவள் யார் வீட்டுக்கும் போனதில்லை, இந்த ஜனவரி வரைக்கும்.

பள்ளியின் வருகைப்பதிவு அதிகாரி ஒரு வியாழக்கிழமை மதியம் அவளைக் கூப்பிட்டார். குருங் வீட்டு மூன்றாவது பெண் அஸ்மிதா, சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்கே வரவில்லை. திங்களன்று வீட்டுக்குப் போகிறேன், மொழிபெயர்க்க நீயும் வா என்றார். கௌசிலாவுக்குப் புரியவில்லை. அந்த வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்தவள் அவள். பள்ளிக்குப் போகிற பெண்கள் மூன்றே பேர், மூன்றே மடல்கள். ஆனால் பள்ளியின் கணக்கில் நான்கு.

விஷயம் இப்படி நடந்திருந்தது. சேர்க்கை அன்று கௌசிலா வேறு பள்ளியில் இருந்தாள். தொலைபேசியில்தான் யாரோ மொழிபெயர்த்தார்கள். பெண்களின் அம்மா தில்மாயா, அவர்கள் வழக்கப்படி, பிறந்த வரிசையைக் குறிக்கும் வீட்டுப் பேரோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனாள். மூத்தவள் ஜேட்டி, இரண்டாமவள் மாய்லி, நான்காமவள் காய்லி, மடியில் இருப்பது கடைக்குட்டி காஞ்சி. எங்கோ தூர மாநிலத்திலிருந்து அந்த நேபாளிக் குரல் அக்கறையாகக் கேட்டது: "நடுவுல சாய்லிய விட்டுட்டீங்களேக்கா, மூணாவது பொண்ணு பேரென்ன?" முகாமில் காய்ச்சலில் போன பெண் அவள். போனாலும் அந்த இடம் வேறு யாருக்கும் போகாது. அடுத்துப் பிறந்தவள் காய்லியாகத்தான் இருப்பாள். பெயரென்ன என்று கேட்டதும் தில்மாயாவின் வாய் அஸ்மிதா என்று சொல்லிவிட்டது. பிறந்த நாள் என்றதும், தேதி தெரியாத அகதிகள் எல்லோருக்கும் எழுதுகிற ஜனவரி ஒன்றைச் சொன்னது. கேட்டவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஆறரைக்கு ஆறரை கௌசிலாவின் குரல் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கௌசிலா பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது, பஸ்கள் எல்லாம் போய் முடிந்த பிறகும் பனியில் ஒருத்தி நிற்பதைப் பார்த்தாள். முதுகில் காஞ்சியைக் கட்டிக்கொண்டு தில்மாயா. கணவன் கர்க்க பகதூர் இறைச்சித் தொழிற்சாலையில் மாலை வேலை, அதனால் கூப்பிட்டு உள்ளே கொண்டுபோக யாரும் இல்லை. கௌசிலா கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்தினாள். கதவோரம் துணி தொங்கியது. ஜேட்டி சிவப்பு, மாய்லி சிவப்பு. அடுத்து, ரவிக்கைத் துணியில் கிழித்த ஒரு மஞ்சள் துண்டு ஊக்கில் குத்தியிருந்தது. அதில் ஒரு சின்ன வெள்ளைப் பொத்தான். பிறகு காய்லி, சிவப்பு.

தில்மாயா அவளுக்கு டீ ஊற்றினாள். ஆறரைக்குப் போன் அடித்தது. கைக்குழந்தையோடு எடுக்க வசதியாக அதை எப்போதும் ஒலிபெருக்கியில்தான் வைத்திருப்பார்கள்.

"உங்கள் பிள்ளை" என்றது கௌசிலாவின் குரல்.

கௌசிலா வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அறையில் மூன்று பெண்களும் தாங்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். அந்த இன்னொரு தொண்டை, "ஆஸ். மீ. டா" என்றது. பிறகு மறுபடியும் அவளே வந்து, அவள் பள்ளியில் இல்லை என்றாள். நிதானமாக, அன்பாக, கம்பளி தொங்கிய அறையில் சொன்னது சொன்னபடி. தில்மாயா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌசிலாவைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தாள்.

"தெனமும் நீதான் சொல்ற, வரலைன்னு. சரி, எம்பொண்ணு எங்கயோ இருக்கா, ஸ்கூலுக்குத்தான் போகலைன்னு இருந்தேன். நேத்து நீ கூப்பிடல."

கௌசிலா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஜேட்டி, மாய்லி, காய்லி மூணு பேரும் போனா நீ கூப்பிட மாட்டேல்ல? அப்ப இவளும் போயிருக்கா. உள்ள போயிட்டா. நான் மஞ்சளத் திருப்பி வச்சேன். பஸ் வந்துச்சு, எல்லாம் இறங்குச்சு, அவ இறங்கல. இன்னிக்கு நீ மறுபடி இல்லைங்குற. உள்ளயும் இல்ல, வீட்டுக்கும் வரல. அப்ப எங்கக்கா?"

கௌசிலா ஒரு தடவை இருமினாள். பிறகு, ஒரே ஒரு வார்த்தை அலுவலகத்தில் வந்து சொன்னால் போதும், பெயரை எடுத்துவிடலாம், போன் நின்றுவிடும் என்றாள். திங்களன்று அதிகாரி வருவதையும் சொன்னாள். சொல்லாத ஒன்று அவளுக்குள் இருந்தது. பிள்ளை பள்ளிக்குப் போனாள், திரும்பி வரவில்லை என்று இந்த அம்மா அதிகாரியிடம் சொன்னால், அவர் எழுதிக்கொண்டு போவது சாய்லியைப் பற்றியதாக இருக்காது. மற்ற பெண்களை இவளிடம் விட்டுவைக்கலாமா என்பதாக இருக்கும்.

"பேர எடுத்துட்டா அவ எந்தக் கதவு வழியா வெளிய வருவா?" என்றாள் தில்மாயா. "மொதல்ல வீட்டுக்கு வரட்டும். அப்புறம் எடுங்க."

வாதாடுவதில் பலனில்லை என்பது இத்தனை வருஷம் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும். ஊக்கில் குத்தியிருந்த துண்டிலிருந்து அந்த வெள்ளைப் பொத்தானைக் கேட்டாள். தில்மாயா நூலைப் பல்லால் கடித்து, அதைக் கழற்றிக் கொடுத்தாள். கதவோரத் துணியையும் கௌசிலா மடித்து எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கௌசிலா, அஸ்மிதாவின் பெயர் இருந்த வகுப்புக்குப் போனாள். புதன்கிழமை வந்த மாற்று ஆசிரியைக்குப் பிள்ளைகளைத் தெரியாது. எல்லோரும் வந்ததாகக் குறித்துவிட்டுப் போயிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வகுப்பாசிரியை முதல் நாளே ஒரு நாற்காலியும், கோட்டு மாட்ட ஒரு கொக்கியும் அந்தப் பெண்ணுக்கென்று ஒதுக்கி, கொக்கியின்மேல் பெயரட்டையும் ஒட்டிவைத்திருந்தாள். மற்ற கொக்கிகளில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோட்டுகள் பிதுங்கின. அந்த ஒன்றில் மட்டும் ஒரு பிள்ளையும் எதையும் மாட்டவில்லை. மாட்டாதே என்று தான் யாரிடமும் சொன்னதில்லை என்றாள் ஆசிரியை. கௌசிலா அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

மூன்று மணி பஸ்ஸில் ஏறி, நடுவில் ஒரு இருக்கையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்து, மடியில் துணியை விரித்தாள். பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். இருக்கைக்கு மூன்று பேராக நெருக்கிக்கொண்டார்களே தவிர, அவளுக்கு அந்தப்புறம் ஜன்னலோரத்தில் காலியாக இருந்த இடத்தைக் கொஞ்சம் தள்ளிக்கோங்க என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. ஓட்டுநர் டெனிஸ் வழக்கம்போல் கண்ணாடியில் தலைகளை எண்ணினாள். ஏதோ உதைத்ததுபோல இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு வண்டியை எடுத்தாள். பஸ் குலுங்கக் குலுங்க கௌசிலா பெயரட்டையை உள்ளே வைத்து, முந்தின இரவு தைத்த புது மடலின் நான்காம் பக்கத்தை மூடித் தைத்தாள். தலையில் வெள்ளைப் பொத்தானை வைத்து, மாய்லிக்கும் காய்லிக்கும் நடுவே மடலைப் பொருத்தி, நூலை அறுத்தாள்.

மேட்டுத் தெரு நிறுத்தத்தில் தில்மாயா நின்றிருந்தாள். ஜேட்டி இறங்கினாள், மாய்லி இறங்கினாள், காய்லி இறங்கினாள். கடைசியாகக் கௌசிலா இறங்கினாள். அவள் இறங்கிய பிறகும் கதவு மூடவில்லை. டெனிஸ் படிகளைப் பார்த்தபடி, இன்னும் யாரோ இறங்க வேண்டியிருப்பதுபோல், கையை விசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அப்புறம்தான் கதவு மெல்ல மூடியது, பஸ் நகர்ந்தது.

கௌசிலா இருமினாள். துணியை விரித்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். இப்போது அதில் நான்கு மடல்கள். தில்மாயா மூன்றாவது மடலைத் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு. உள்ளே அட்டை விறைப்பாகத் தட்டுப்பட்டது. விரலால் மடலைத் திருப்பினாள். சிவப்பு. மறுபடியும் திருப்பினாள், இன்னொரு தடவையும். எந்தப் பக்கம் திருப்பினாலும் சிவப்புதான்.

"இனிமே நீ கூப்பிட வேண்டாம்க்கா" என்று சொல்லி, பனி ஈரம் பட்டிருந்த கையுறைகளைக் கழற்றிவிட்டு, வெறுங்கைகள் இரண்டையும் நீட்டித் துணியை வாங்கிக்கொண்டாள்.