பச்சை மூங்கில் ஏணி

என் உடம்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருபத்தாறு வயதில் நான் ஒரு பெஞ்சின் முனையில் உட்கார்ந்தால் மறுமுனையில் இருப்பவர் எழுந்துகொள்வார். மரியாதைக்காக அல்ல, பெஞ்சே அவரைத் தூக்கிவிடும். அப்படிப்பட்டவனை ஏணி, கயிறு, கூடை முதலியவை இருக்கும் ஸ்டோருக்குப் பொறுப்பாளனாக வைத்த கான்ட்ராக்டரின் துணிச்சலை இன்றும் மெச்சுகிறேன்.

மதுரையில் வீதி வீதியாகத் தோண்டிச் சாக்கடைக் குழாய் பதித்துக்கொண்டிருந்த காலம் அது. சிம்மக்கல்லிலிருந்து ஆற்றுப் பக்கம் போகும் ஒரு வீதி எங்கள் பங்குக்கு வந்திருந்தது. இரண்டு ஆள் ஆழம். கை இரண்டையும் விரித்தால் இருபுறமும் சுவரில் இடிக்கும் அகலம். மேலே நூறு வருஷத்துக் குப்பை மண், அதற்குக் கீழே ஆற்று மணல், அடியில் களி. இந்த மூன்றுக்கும் ஒன்றையொன்று பிடிக்காது. எப்போது எது விலகிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

வெட்டுகிறவர்கள் ஒன்பது பேரும் எழுமலைப் பக்கத்துச் சம்சாரிகள், பயிர் வைத்துப் பிழைத்தவர்கள். மானாவாரிக் காடு மழையில்லாமல் போக, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நகரத்துக்கு வந்தவர்கள். மேஸ்திரியும் அதே ஊர்க்காரர். அவருடைய ஒன்றுவிட்ட தங்கை குழியின் கரையில் நின்று, கீழிருந்து கயிற்றில் ஏறி வரும் மண்கூடையை வாங்கிக் கொட்டுகிறவள். அவள் புருஷன் ஆழமான கோடியில் வெட்டுகிறவர். இருவருக்கும் ஆறு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. வீதியோரப் புங்கமரத்தின் கிளையில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டி அதைத் தூங்க வைத்திருப்பாள்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மர ஏணி. மார்கழி மாதத்தில் ஒரு நாள், உள்ளே கிடக்கும் கடப்பாரைகளை நேரில் போய் எண்ண வேண்டும் என்ற கடமை உணர்ச்சி எனக்கு வந்தது. வேஷ்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். இரண்டாவது படி முறிந்தது. நான் விழவில்லை. என் வயிறு கரையில் தட்டி நின்றுகொண்டது. பிறவிப் பயன் என்று சொல்வார்களே, அது அதற்கு அன்றுதான் கிடைத்தது. ஆனால் ஏணி பக்கக்கால் பிளந்து உள்ளே போய் விழுந்தது. அவள் புருஷன் தலைக்கு ஒரு முழம் தள்ளி.

நான்கு பேர் என்னை இழுத்துப் போட்டார்கள். அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். புருஷன் கையை அசைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் ஐயா, எண்ணணும்னா மேல இருந்து கேட்டா நாங்க சொல்ல மாட்டமா?"

நான் வேஷ்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

ஏணி இல்லாததால் ஆட்கள் சுவரில் இருபுறமும் கால்விரல் நுழையும் அளவுக்குக் குழி வெட்டி, அதில் மாறி மாறிக் கால் வைத்து ஏறி இறங்கத் தொடங்கினார்கள். காய்ந்த மண்ணில் அது சரி. ஆற்றில் தண்ணீர் வந்திருந்ததால் களியில் ஊற்றுக் கசிந்துகொண்டிருந்தது. காலையில் வெட்டின குழி மதியம் வெண்ணெயாகிவிடும். ஒடித்தது நான். ஆகவே அன்று மாலையே ஏணி வாங்கப் புறப்பட்டேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயம். ஊரில் இருந்த ஏணியெல்லாம் ஏதோ ஒரு சுவரில் சாய்ந்திருந்தது. மூங்கில் கடைக்காரர், "காஞ்சது ஒண்ணுகூட இல்லீங்க. இப்ப வெட்டி வந்த பச்சைதான் கிடக்கு. துளை போட நேரமில்ல, கயித்தால கட்டித் தரவா?" என்றார்.

"பச்சைதான் நல்லது, ஒடியாது" என்றேன், மூங்கிலோடு பிறந்து வளர்ந்தவன் மாதிரி.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கட்டித் தந்தார். இரண்டு ஆட்கள் முன்னும் பின்னுமாகத் தோளில் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வாங்கிய தயிர்ச் சட்டியைக் கயிற்றில் கட்டிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.

வீதி எனக்கு வழிவிட்டது. வண்டிக்காரர் மாட்டை ஓரங்கட்டினார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மளிகைக் கடைக்காரர் பலகை இரண்டை எடுத்துக் கடைவாசலை மறைத்தார். பொதுச்சேவை செய்கிறவனுக்கு இந்த ஊரில் இவ்வளவு மதிப்பா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "யாருக்குங்க?" என்று கேட்டார்.

"நம்ம ஆளுகளுக்குத்தான். மொத்தம் ஒம்போது பேரு."

"ஒம்போது பேருமா!"

"ஒண்ணு போதும் பெரியவரே. ஒருத்தர் பின்னால ஒருத்தராப் போயிருவாங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வேலை நடக்கும் இடத்துக்கு வந்ததும், கரையில் இருந்த பெண்கள் வாயில் கைவைத்தார்கள். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்தார். பச்சை மூங்கில் இரண்டு, நடுவே குறுக்குக் கழிகள், கயிற்றுக் கட்டு. அப்போதுதான் எனக்கே கண் திறந்தது. கொள்ளிச்சட்டி மாதிரித் தயிர்ச் சட்டியை ஏந்தி முன்னால் நடந்து நான் கொண்டுவந்திருந்தது சாட்சாத் பாடை.

அவள்தான் முதலில் பேசினாள். "எங்க ஆளு இன்னும் உள்ள மூச்சு விட்டுக்கிட்டுத்தேன் இருக்காரு. அதுக்குள்ள ஒங்களுக்கு என்ன அவசரம்?"

ஏணியை யாரும் தொடவில்லை. கொட்டிக் கிடந்த மண்மேட்டில் அதைப் போட்டுவிட்டு, ஆட்கள் மறுநாளும் கால்குழியிலேயே ஏறி இறங்கினார்கள். கான்ட்ராக்டரிடம் போனேன். "ஏணிதான் வாங்கியாச்சே, அப்புறம் என்ன?" என்றார். அவருடைய ஸ்டோரில் மனித மனதுக்கென்று ஒரு பிரிவு இல்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகள் எப்போதும் என்னைக் கேட்காமலே வரும். விடிந்ததும் மஞ்சளும் குங்குமமும் வாங்கி ஏணி முழுக்கப் பூசினேன். போதாதென்று நாலு முழம் பூவை மேல்படியில் சுற்றினேன். மங்களகரமாக இருந்தது. மேஸ்திரி வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, முந்தாநேத்து வெறும் பாடையா இருந்துச்சு. இன்னைக்குச் சோடிச்சே வச்சுட்டீக."

அன்று மதியம் கஞ்சி குடிக்க ஏறும்போது அவள் புருஷனுக்குக் கால் வழுக்கியது. பாதிச் சுவரிலிருந்து சரிந்து போய் அடியில் விழுந்தார். பக்கத்தில் ஒரு கடப்பாரை குத்திட்டு நின்றது. இடுப்புக்கும் அதற்கும் ஒரு சாண். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் வழன்றிருந்தது. மேலே வந்ததும் சிரித்தார்.

"மாப்ள, வழுக்குமரம் ஏறுறாப்புல இருக்குய்யா" என்றார் மேஸ்திரியிடம்.

மற்ற ஆட்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காலில் ஒட்டியிருந்த களியைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே மண்மேட்டில் கிடந்த ஏணியைப் பார்த்தாள்.

மறுநாள் நான் வந்தபோது மேட்டில் ஏணி இல்லை. ஒரு முனை புங்கமரத்தின் கவட்டிலும், மறுமுனை குழாய் அடுக்கின் மேலுமாகப் படுக்கையாகக் கிடந்தது. பூவைப் பிய்த்து எறிந்திருந்தாள். நடுப்படியில் தூளி கட்டியிருந்தது. தூளிக்குள் குழந்தை தூங்கியது.

வந்தவர்கள் எல்லோரும் தள்ளி நின்றார்கள். மேஸ்திரி நின்ற இடத்திலிருந்தே கேட்டார்: "தங்கச்சி, என்ன காரியம் ஆத்தா பண்ணியிருக்க? பச்சப் புள்ளைய..."

"தூங்குதுண்ணே. சத்தம் போடாதீக."

அவள் அன்று காலை கூடை தொடவில்லை. தூளியின் பக்கத்திலேயே நின்றாள். நான் ஒரு வேடிக்கை சொல்லலாம் என்று வாயில் தயாராக வைத்துக்கொண்டு அருகில் போனேன். அப்போது அவள் கையைப் பார்த்தேன். தூளியை இறுகப் பற்றியிருந்ததில் விரல்கள் வெளுத்திருந்தன. உதடுகள் ஏதோ ஒரு சாமியிடம் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அந்த ஏணியைப் பார்த்து மற்றவர்கள் பயந்த அத்தனை பயமும் அவளுக்கும் இருந்தது. அதைவிட அதிகமாகவே இருந்தது. தெரிந்துதான் கட்டியிருந்தாள். என் ஆயுளில் நான் சொல்லாமல் விழுங்கிய வேடிக்கைகள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

கீழே புருஷன் கால்குழியில் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும். அன்று அவர் மண்வெட்டிச் சத்தம் அடிக்கடி நின்று நின்று கேட்டது.

உச்சி வெயிலில் குழந்தை விழித்தது. கைகால் உதைத்தது. கட்டியிருந்த மூங்கிலைத் தூளிக்குள் இருந்து பார்த்து ஏதோ பேசியது. பிறகு தூளி நனைந்து சொட்டியது. அவள் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பாத்துக்கங்க. என் மக தூங்கி, முழிச்சு, மோண்டும் வச்சுட்டா. இனிமே இது பாடையில்ல, தொட்டில் கம்பு. இறக்குங்கண்ணே உள்ள."

மேஸ்திரி அருகில் போனார். மூங்கிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தூளியை அவரே அவிழ்த்தார். ஏணியைக் குழிக்குள் இறக்கி, கரையில் முளை அடித்து, அதன் தலையை முளையில் இறுகக் கட்டினார். ஏறி வருகிறவன் கைக்குப் பிடி கிடைக்கக் கரைக்கு மேலே ஒரு கை நீளம் நீட்டிவிட்டார். ஒருவர் காலை எடுத்து வைத்தார். அவள் தடுத்தாள்.

"பொறுங்க. முதல்ல ஸ்டோர் ஐயா இறங்கட்டும்."

"நானா?"

"ஒங்களைத் தாங்குச்சுன்னா அம்புட்டுப் பேரையும் தாங்கும்."

மூன்று நாளாகச் சிரிக்காத பெண்களெல்லாம் சேர்ந்து சிரித்தார்கள். என் உடம்புக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் துணைக்கு அழைத்தேன். தெரியாத இரண்டொன்றையும் சேர்த்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு கட்டும் கிறீச்சிட்டது. ஒன்றும் அறவில்லை.

அடியில் நின்று கண்ணைத் திறந்தேன். இத்தனை மாதமாக மேலே உட்கார்ந்து ஆள் எண்ணியவன், அங்கிருந்து எப்படித் தெரியும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. குளிர்ந்திருந்தது. சுவர் வியர்த்திருந்தது. விரலை வைத்தேன், மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. வானம் ஒரு துண்டு அகலம்தான் இருந்தது. அந்தத் துண்டு வானத்தின் ஓரத்தில் அவள் முகம்.

அவள் புருஷன் என் பக்கத்தில் வந்து நின்றார். "அவ மொகம் தெரியுதா ஐயா? அதைப் பாத்துக்கிட்டேதேன் வெட்டுவேன். கரையில வெடிப்பு விட்டா எங்களுக்குத் தெரியாது, மேல இருக்கவுகளுக்குத்தேன் தெரியும். அவ மொகம் மாறுச்சுன்னா மண்ணு அசையுதுன்னு அர்த்தம்."

"மொகம் மாறினா இந்தக் கோடியிலிருந்து ஓடி ஏறணுமே?"

"ஆமா" என்றார். 

ஒரு ஏணி போதாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரு மூச்சு ஓட்டத்தில் கைக்கு எட்ட வேண்டும். கான்ட்ராக்டரிடம் சண்டை போட்டு இன்னும் இரண்டு வாங்கினேன். மூங்கில் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மறுபடியுமா?" என்றார். இந்த முறை ஏணிகளை வண்டியில் வைக்கோல் போட்டு மூடிக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றிலும் அரைநாள் அதே குழந்தை தூங்கியது. பிறகு ஒவ்வொன்றிலும் நான் இறங்கினேன். அந்தக் குழந்தையும் நானும் பார்த்துவிட்ட ஏணியில்தான் ஆட்கள் கால் வைப்பார்கள்.

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும். முற்பகல். நான் கரையில் நின்று யாரிடமோ வாயடித்துக்கொண்டிருந்தேன். கூடைக்காகக் கை நீட்டியவள் நீட்டிய கையோடு நின்றாள். அவள் காலடிக்கு அருகே, கரையையொட்டி, ஒரு கோடு ஓடியிருந்தது. கரித்துண்டால் கிழித்த மாதிரி மெல்லிய கோடு.

"ஏறுங்க! அம்புட்டுப் பேரும் ஏறுங்க!"

அப்படி ஒரு குரலை அந்த ஒல்லி உடம்புக்குள் எங்கே வைத்திருந்தாளோ. மூன்று ஏணியிலும் ஆட்கள் தொற்றினார்கள். நான் எண்ணினேன், எண்ணத்தானே என்னை வைத்திருந்தார்கள். நாலு, ஐந்து, ஏழு, எட்டு. எட்டோடு நின்றது. அவள் ஆழக் கோடியில் இருந்த ஏணியின் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவளுக்கு இல்லை; "இந்தா... இந்தா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு கை மேலே வந்தது. நீட்டியிருந்த மூங்கிலைப் பற்றியது. அப்புறம் களி அப்பிய தலை. அவர் கரையில் கால் ஊன்றவும், பின்னால் ஏணியை அடுத்திருந்த சுவர் பெரிய சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு ஓசைதான். புழுதி அடங்கியபோது ஏணியின் பாதி மண்ணுக்குள் இருந்தது.

 அவள் அவர் தலையில் இருந்த களியை இரண்டு கையாலும் வழித்தாள். காதுக்குள் இருந்ததைக்கூட விரல் விட்டு எடுத்தாள். அவர் கூச்சத்தில் தலையைத் திருப்பிக் குழியைப் பார்த்தார்.

"ஸ்டோர் கடப்பாரை உள்ள கிடக்கு. மத்த ஏணியில இறங்கி எட்டி எடுத்துட்டு வாரேன்."

அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் அவர் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மாலைதோறும் ஒரு கடப்பாரை குறைந்தால் உலகமே குறைந்துவிட்ட மாதிரி கத்துகிறவன் நான்.

"கடப்பாரையாவது ஒண்ணாவது" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நீ போய்ப் பிள்ளையத் தூக்குய்யா. அழுவுது பாரு."

உண்மையில் குழந்தை அழவில்லை. அவர் புங்கமரத்துப் பக்கம் நடந்தார். அவள் வேஷ்டியை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெடிப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களும் தள்ளி வாங்க ஐயா" என்றாள். "ஒங்க கனத்துக்கு மிச்சக் கரையும் போயிரும். ஒங்களைத் தூக்க எங்ககிட்ட ஆளு இல்ல."

நான் தள்ளி வந்தேன்.