கதவுக்குள் நடந்த குடித்தனம்

ரடாமெஸுக்கு மனுஷ வாடையே ஆகாது. வாய்த்த பிழைப்போ, சாந்தோ டொமிங்கோவில் ஷேர் கார் ஓட்டுவது. முன்சீட்டில் தன்னோடு மூன்று பேர், பின்னால் நாலு பேர், தொடையோடு தொடை ஒட்டி. அக்குள் வாடையிலிருந்து தலை எண்ணெய் வரைக்கும் எல்லாவற்றுக்கும் மூக்கைச் சுளிப்பான். யாராவது கதவை டமாலென்று சாத்தினால் தீர்ந்தது. "ஏம்மா, இது உங்க வீட்டு ஃப்ரிட்ஜா? மெதுவா சாத்து!" கையில் பொரித்த ரொட்டியோடு ஏறினால், "தின்னு முடிச்சிட்டு அடுத்த வண்டியில வா." அந்த ரூட்டில் அவனுக்கு மாமியார் என்றே பேர்.

அப்பேர்ப்பட்டவன் வண்டியில்தான் கரப்பான் புகுந்தது.

முதலில் கண்ணாடி இடுக்கிலிருந்து மீசையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, வெள்ளை உடுப்பில் தன் சபையின் சனிக்கிழமை ஜெபத்துக்குக் கிளம்பிய தோமாசினா அம்மாளின் கழுத்து வழியே உள்ளே இறங்கிவிட்டது. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஸ்டாண்டில் வண்டி வரிசையைப் பார்த்துக்கொள்கிற செவெரோ, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

"என்ன மாமியாரே, ஆறு சவாரி பத்தலேன்னு கரப்பானையும் ஏத்துறியா? திங்கக்கிழமை சுத்தமா வந்தா வரிசையில நில்லு. ஒரு மீசை தெரிஞ்சாலும் இந்தப் பக்கம் வராத."

வரிசை போனால் சோறு போச்சு. ஞாயிறு காலையிலேயே வீட்டு முன்கூரைக்குக் கீழே வண்டியை நிறுத்தி, பின்கதவின் உள்பக்கத் தகட்டை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்ற உட்கார்ந்தான். கைப்பிடிக்கு அடியில் இருந்த ஸ்க்ரூக்களை எடுத்தான். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பிக் கொக்கி பிடித்திருக்கும். கந்தல் துணியை அந்த இடுக்கில் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் தெறித்து வரும். தெறித்தது, வாழைக்காய் மசியலோடு வந்த ஒத்தீலியாவின் காலடியில் போய் விழுந்தது.

"யோவ், பொண்டாட்டிய குருடாக்கப் பாக்கறியா?"

"அத எடுத்துக் குடுடி முதல்ல."

சமையல் கத்தியை ஓரத்தில் விட்டு நெம்பினான். பிளாஸ்டிக் கிளிப்புகள் டக் டக்கென்று விட்டன, பாதி உடைந்தன. பேடை மேலே தூக்கி இழுத்தான்.

முதலில் நாற்றம் வந்தது, ஊறின கோழித்தீவனத்தில் எலி செத்த மாதிரி. பிறகு அவை வந்தன. மணிக்கட்டில், சட்டைக்குள், செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவில். கொழுத்தது, குஞ்சு, பின்னால் முட்டைப்பை துருத்தியது, தோலுரித்து வெள்ளையாய்ப் பிதுங்கியது. ஒன்று உதட்டில் ஏறியது. துப்பினான், துப்பினான், எச்சில் வற்றும்வரை துப்பினான்.

கதவின் அடியில், கண்ணாடி இடுக்கு வழியே விழுந்த மாங்கொட்டை, சூப்பிப் போட்ட கோழி எலும்பு, முடி சிக்கிய சீப்பு, யாரோ ஒருத்தரின் பாதிப் பல்செட்.

"பாத்தியாடி! பன்னிங்க! ஏறுனவன் பூரா பன்னி! பல்லக் கூடவா ஒருத்தன் கழட்டிப் போடுவான்?"

ஒத்தீலியா பல்லைப் பார்க்கவில்லை. தகட்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். முட்டை அடுக்கும் குழி அட்டைகள். மழைத்தண்ணீரில் ஊறிக் கறுத்து, குழிக்கு ஒரு கரப்பான் குடும்பமாக.

"இத எந்தப் பன்னி ஒட்டினது?"

கதவு கடகடக்கிறது, பாட்டு எடுப்பாகக் கேட்கவில்லை என்று அவனேதான் ஒட்டினான். பசை வாங்க மனசு வராமல், மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி.

"என் சட்டியிலதான காய்ச்சின? வீடும் குடுத்து, சோறும் போட்டு வளத்திருக்க. இதுல ஊரான் வாய் நாறுதுன்னு பேச்சு."

அட்டையைப் பிய்த்தபோது கூழாக நகத்துக்குள் ஏறியது. சுவரோரம் போய் வாந்தியெடுத்தான். திரும்பி வந்து பிய்த்தான், மறுபடி வாந்தியெடுத்தான். நாலு கதவையும் டிக்கியையும் உரித்து, வெந்நீரும் குளோரினும் ஊற்றி, அட்டைகளைத் தகர டின்னில் போட்டுக் கொளுத்தினான். உள்ளே ஒளிந்திருந்தவை படபடவென்று வெடித்தன. அந்த வாழைக்காயை அவன் தொடவில்லை.

கிளிப்பெல்லாம் போய்விட்டதால் திங்கட்கிழமை வெறும் தகட்டுக் கதவோடு ஸ்டாண்டுக்குப் போனான். செவெரோ கறி வைத்துப் பொரித்த பலகாரத்தைக் கடித்துக்கொண்டே குனிந்து, டார்ச் அடித்து, மோந்தும் பார்த்தான்.

"சுத்தம்தான், நில்லு. ஜனங்க தின்னு போட்ட குப்பைதான?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ரடாமெஸ் நகத்தை மோந்து பார்த்தான். இன்னும் நாறியது.

"இல்ல. நான் ஒட்டுன முட்டை அட்டை. போன வருஷம் உன் வண்டிக்கும் ஒட்டிக் குடுத்தேனே, அதே அட்டை, அதே கஞ்சி."

செவெரோவின் தாடை நின்றது. வாயிலிருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"எத்தன கதவுல?"

"நாலுலயும். மிச்சத்த டிக்கியில."

செவெரோ துப்பினான். "சவாரிய ஏத்திட்டு வண்டிய எடு. என் கண்ணு முன்னால நிக்காத."

தோமாசினா அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். உட்காருமுன் சீட்டைக் கைக்குட்டையால் தட்டினாள். ஏறினாள். கதவை டமாலென்று சாத்தினாள். வெறும் தகடு வண்டி முழுக்க அதிர்ந்தது.

ரடாமெஸ் கியரைப் போட்டான்.