பிள்ளை மடுவத்தில் படர்ந்த தம்பலக் கொடி

தொண்ணூறுகளின் நடுவில், நிவித்திகலவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கொழுந்தெடுக்கவும் றப்பர் பால் வெட்டவும் போகிற தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். தகரக் கூரை, நீள வளை, அதில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். மேற்குச் சன்னல்களுக்குக் கதவு கிடையாது. பொழுது சாய்ந்தால் வெயில் நேரே பிள்ளைகளின் முகத்தில் விழும்.

ஒருநாள் தோட்டத்து மருத்துவிச்சி பிள்ளைகளின் கைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் பத்தாதுங்க. தம்பல வெதை குடுத்துப் பாருங்க. சோயா மாதிரியே எண்ணெயும் சத்தும் இருக்கு."

தம்பல எங்களுக்குத் தெரியாததல்ல. நாலு பக்கமும் சிறகு வைத்த பச்சைக் காய், கிராமத்துச் சந்தையில் கட்டுக் கட்டாக வரும், சரித்து நறுக்கி வதக்குவோம். ஆனால் விதைக்காக அதைக் கொடியிலேயே முற்ற விடலாம் என்று யாரும் நினைத்ததில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்கள அக்கா தன் வேலியிலிருந்து ஒரு கை விதை தந்தார். சித்திரை மழையில் சன்னல்களுக்குக் கீழே ஊன்றி, கூரை விளிம்பு வரை கயிறு கட்டிவிட்டேன்.

கொடி சோம்பலாகத்தான் கிளம்பியது. பிறகு ஆனி மழையில் என்ன நினைத்துக்கொண்டதோ, காலையில் பார்த்த நுனி சாயங்காலம் வேறு கயிற்றில் இருந்தது. ஆடி முடிவதற்குள் சன்னல்கள் மூடிவிட்டன. வெயில் இலைகளின் வழியாக வடிந்து உள்ளே வந்தது. தரை பச்சை, தொட்டில் பச்சை, தூங்கும் பிள்ளைகளின் நெற்றியில் பச்சை. மத்தியானங்களில் குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது போலவே எனக்கு இருக்கும்.

அந்தப் பச்சைக்குள் பாயில் படுத்து இலைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள் ஒரு பெண் பிள்ளை. மூன்று வயது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். பால் வெட்டப் போகும் தகப்பன் இருட்டு விலகுமுன் தூக்கி வருவார். "அக்கா, ஒண்ணும் திங்க மாட்டேங்குது. பாத்துக்கங்க" என்பார். அவள் அழவும் மாட்டாள், பேசவும் மாட்டாள்.

கொடியில் இலைதான் இருந்தது, பூ இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "பாம்பு வந்து அடையும். வெட்டிப் போடுங்க" என்றார். சிங்கள அக்காவிடம் ஓடினேன். பூவை அவர் 'மல்' என்றும் தங்கச்சியை 'நங்கி' என்றுமே சொல்வார்.

"அவசரப்பட வேண்டா நங்கி. பகல் சின்னது ஆகணும். அப்பதான் மல் வரும்."

நான் வெட்டவில்லை. ஒரு மத்தியானம் கணக்கப்பிள்ளையே கத்தியோடு வந்தார். வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் தூக்கம். இலை நிழல்கள் அவர்கள் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. அவர் கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சரி, கெடக்கட்டும்" என்றார், காதுக்குள் சொல்வது போல. "கூரை மேல மட்டும் ஏற விடாதீங்க."

ஐப்பசியில் பூத்தது. மழைக்கு முந்திய வானம் போல ஒரு நீலம். கார்த்திகையில் காய். போகிற வருகிற பெண்கள் கறிக்குக் கேட்டார்கள், தாழ்ந்து தொங்கியதை மட்டும் பறித்துக் கொடுத்தேன். மற்றதெல்லாம் கொடியிலேயே கறுத்து, சிறகு சுருண்டு, தை மாதக் காற்றில் கலகலவென்று ஆடத் தொடங்கியது.

பாயில் படுத்திருந்த அந்தப் பெண் பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள்.

"யாரு பேசுறாங்க?"

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "யாரும் இல்ல பாப்பா. காயி காஞ்சிருச்சு, உள்ள வெதை ஆடுது" என்றேன். அவள் நம்பவில்லை. காய்களைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முதல் தடவை விதையைச் சும்மா வறுத்தேன், கல்லாக இருந்தது. சிங்கள அக்கா சொன்னபடி மறுதடவை இரவெல்லாம் ஊறவைத்து, நன்றாக அவித்து, தோலைக் கசக்கி எடுத்து வறுத்தேன். வறுத்த அரிசியும் கித்துள் கருப்பட்டியும் சேர்த்து இடித்து உருண்டை பிடித்தபோது உள்ளங்கை எண்ணெயில் மினுங்கியது. பிள்ளைகள் விரலை நக்கினார்கள். அவள் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

மாசியில் தாய் திரும்பி வந்தாள். புதுச் சட்டையும் பொம்மையுமாக மடுவத்துக்கு ஓடி வந்தவளைக் கண்டு பிள்ளை என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"அம்மாவத் தெரியலையா?" தாய் பொம்மையை நீட்டிக் கேட்டாள்.

"கூப்புடாத தங்கச்சி" என்றேன். "இப்பிடி வந்து ஒக்காரு. ரெண்டு பேருமா வெதை உரிப்போம்."

அவள் உட்கார்ந்தாள். சவர்க்காரத் தண்ணீரில் வெடித்துப்போன கைகள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். பிள்ளையைப் பார்க்காமல் காய்களையே பார்த்து உரித்தாள். எத்தனை நாள் அப்படிப் போனதோ. ஒரு மத்தியானம், பச்சை வெளிச்சத்தில் எனக்கே கண் செருகிக்கொண்டு வந்த நேரம், பிள்ளை ஒரு காயைக் கொண்டுவந்து தாயின் மடியில் வைத்தாள்.

"இத உரிங்க."

தாய் உரித்தாள். பிள்ளை அடுத்ததைக் கொண்டுவந்தாள். பிறகு அங்கேயே அவள் முழங்காலில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். தாய் அசையவே இல்லை. கால் மரத்துப்போயிருக்கும்.

அவளைக் குவைத்துக்கே திரும்ப அனுப்ப ஏஜென்சிக்காரர் ஆள் விட்டுப் பார்த்தார். அவள் போகவில்லை, தோட்டத்திலேயே கொழுந்துக்குப் பேர் பதிந்தாள். முதல் நாள் காலையில் பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் படியேறினாள். அதுவரை யாருக்காகவும் அழாத அந்தப் பிள்ளை வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். தொட்டிலில் இருந்ததுகளெல்லாம் விழித்துக்கொண்டன. நான் அவளை அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.