பாலிக் புலாவ் போகும்போது வந்த தலைவலி

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிக் புலாவிலுள்ள மாமியார் வீட்டுக்குக் கிளம்பினாலே எனக்குத் தலைவலி வரும். எங்கள் பழைய கார் மலைப்பாதையில் ஏற ஏற நெற்றிப்பொட்டு தெறிக்கும், வயிற்றைப் புரட்டும். உள்ளே ஏதோ புகை நாற்றம் அடிக்கிறது என்று கணவரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிகரெட் பிடித்தபடி, "எங்கம்மா வீடுன்னாலே ஒனக்கு இப்படித்தான்லா" என்பார்.

மாமியாருக்கோ வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த கதைதான். "என் வீட்டு வாசப்படிய மிதிக்கணும்னா மருமகளுக்குத் தலை வலிக்கும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஒருநாள் திருஷ்டி என்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் செய்தார். காருக்குத்தான் திருஷ்டி. எனக்கு ஒரு மாத்திரைகூடத் தரவில்லை.

சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் உதறி அணையத் தொடங்கிய பிறகுதான் ஐயாவுக்கு உறைத்தது. பட்டறைக்கு நானும் போனேன். மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டுக் குழாயின் விளிம்பில் ஸ்பிரே அடித்தார். எஞ்சின் சத்தம் மாறியது. ஸ்பிரே உள்ளே இழுபட்டால்தான் அப்படி மாறுமாம்; அங்கே ஒரு கசிவு. புகை வெளியேறும் மேனிஃபோல்டைக் கழற்றினால், இடையில் வைக்கும் கேஸ்கெட் தகடு எரிந்து, ஒரு போல்ட் முறிந்து, சுற்றிலும் கரி.

"அண்ணே, பொகை காடிக்குள்ள வந்திருக்கு. பக்கத்துல உட்கார்றவங்களுக்குத் தலை வலிச்சிருக்குமே?"

"அப்படி யாரும் சொல்லலையே" என்றார் என் கணவர். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மெக்கானிக் முறிந்த போல்ட்டை எடுத்து, கேஸ்கெட் உட்காரும் முகப்பைத் தேய்த்துச் சமமாக்கினார். இரண்டு மேனிஃபோல்டுக்கும் புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி முடுக்கினார்.

அடுத்த ஞாயிறு எனக்குத் தலை வலிக்கவில்லை. இன்றாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று சாப்பாட்டு மேசையில் காத்திருந்தேன். கணவர் கதையை விலாவாரியாகச் சொன்னார். கரி, போல்ட், கேஸ்கெட் எல்லாம் வந்தன. நான் மட்டும் வரவில்லை.

மாமியார் எழுந்துபோய் மகன் தலையைத் தடவினார்.

"ஐயோ, எம்புள்ள எவ்ளோ பொகைய குடிச்சானோ!"

"ஆமாம்மா" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. "அப்பப்ப லேசா தலை வலிக்கும்."