மெஷினுக்கு வாய் நனைத்தது

காப்பி இலைகளில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று பார்க்கும் சின்ன ஆய்வுக்கூடம் எங்களுடையது. தாண்டிக்குடிக்கு மேலே, ஜீப்பே முக்கி முனகி ஏறும் ஏற்றத்தில் இருக்கிறது. பதினோரு வருஷமாக அங்கே இலையைப் பக்குவம் செய்வது என் வேலை. உறையவைத்த இலையைப் பொடித்து, குழாய்களில் போட்டு, மெத்தனால் என்ற கரைப்பானை அளந்து விட்டு, சாறு பிரித்துக் கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் பெரிய கருவி அதை ஆராயும்.

போன வருஷம் என் மேசைக்கு ஒரு ரோபோ வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை. மெத்தனாலை அளந்து ஊற்றும்.

"இனி பொடிக்கிறதோட ஒன் சோலி முடிஞ்சதும்மா. லேபிள் ஒட்டு, போதும்" என்றார் அதிகாரி.

எனக்குச் சுருக்கென்றது. லேபிள் ஒட்டவா தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வேதியியல் படித்தேன்?

முதல் வாரமே வண்டவாளம் தெரிந்தது. ஒரே இலைப் பொடியை எட்டுக் குழாய்களில் போட்டால் எட்டு விதமாக விடை வந்தது. மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர் அதைத் தடவிக்கொண்டே, "பொடி சரியா அரைபடல, மேடம்" என்றார். அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் ஒரு குறை சொல்லாத மனுஷர், நேற்று வந்த பெட்டிக்காக என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கை மெத்தனாலை உறிஞ்சியது, நகர்ந்தது. போகிற வழியில் முனையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த தடவையும் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் "வாய நனைச்சுட்டுப் போங்க" என்பார்கள். மெத்தனாலை உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டுக்கும் நான் அதைத்தான் செய்வேன். அளப்பதற்கு முன்னால் இரண்டு முறை மெத்தனாலை உறிஞ்சி விட்டுவிடுவேன். காய்ந்த முனைக்குள் மெத்தனால் ஆவியாகி, மிச்சத்தை வெளியே தள்ளும். வாய் நனைந்த முனை சொட்டாது. செய்முறை நோட்டில் இதை நான் எழுதவே இல்லை. சமையல் குறிப்பில் கையைக் கழுவு என்று யாராவது எழுதுவார்களா? அந்த நோட்டைப் பார்த்துத்தான் மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதே பொடியை எட்டுக் குழாய்களில் என் கையால் செய்து கொடுத்தேன். எட்டும் ஒன்றுபோல வந்தன.

"என்ன செஞ்சேன்னு எழுதிக் குடும்மா, மெஷின்ல ஏத்திரலாம்" என்றார் அதிகாரி.

எழுதிக் கொடுத்த மறுநாளே நான் லேபிள் மேசைக்குப் போகவேண்டியதுதான்.

"எழுதித் தர்றேங்க சார். ஆனா மெஷின நாந்தான் ஓட்டுவேன். லேபிள வேற யாராச்சும் ஒட்டட்டும்."

 ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, நாளைக்கு வெள்ளனே வந்து கத்துக்க."

ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். மெஷினின் செய்முறையில் நான்காவதாக நான் சேர்த்த படிக்கு "வாய் நனை" என்று தமிழிலேயே பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு மெஷினிலும் எட்டும் ஒன்றுபோல வந்தன. மறுபடி வந்த இன்ஜினியர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இதென்ன மேடம், எங்க புத்தகத்துல இப்படி ஒரு படி கிடையாதே. அழிச்சிரவா?"

"அழிச்சுப் பாருங்க" என்றேன், ஸ்டூலை விட்டு எழாமலே.