செருப்புக்காதனுக்குக் கட்டிய பட்டை

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள், என் மகள் ரீத்தாவின் கைப்பேசி எத்தனை நட்சத்திரம் போடுகிறீர்கள் என்று கேட்டது. "நீயே சொல்லும்மா" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இந்த மலேசியாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. ஊரில், நாகப்பட்டினத்துப் பக்கம், கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்ப்போம். பிடிக்காவிட்டால் ஆண்கள் விசில் அடிப்பார்கள், பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவார்கள். அவ்வளவுதான் எங்கள் விமர்சனம்.

"நட்சத்திரமாவது ஒண்ணாவது. வாய் கொப்பளிக்கணும் போல இருக்குடி" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கல்யாணமாகிக் கப்பலில் வந்து லாயாங் லாயாங் ரயில்வே குடியிருப்பில் இறங்கியபோது எனக்கு ஒரு மலாய்ச் சொல்லும் தெரியாது. என் கணவருக்குத் தண்டவாள வேலை. பக்கத்து வீட்டு சோம் என்ற மலாய்க்காரப் பெண்ணின் கணவருக்கும் அதே வேலை. நான் அவரைக் 'காக்' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை. அவர் வீட்டில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. அதில் சாயங்காலம் ஒரு கார்ட்டூன் வரும், பேச்சே இல்லாதது. ஒரு நாய், அதற்கு ஒரு காது நிமிர்ந்தும் மற்றது பழைய செருப்பு மாதிரித் தொங்கியும் இருக்கும். நான் செருப்புக்காதன் என்பேன், காக் 'சி செலிப்பார்' என்பார், மலாயில் அதுவும் செருப்புதான். இரண்டு வீடு, நடுவில் வேலி, வேலியில் ஒரு ஓட்டை. இரண்டு வீட்டிலும் அவனுக்குச் சோறு உண்டு. கடைசியில் அந்த ஓட்டையில் தலை ஒரு வீட்டிலும் வால் இன்னொரு வீட்டிலுமாகப் படுத்துத் தூங்கிவிடுவான். நானும் காக்கும் விழுந்து விழுந்து சிரிப்போம். இந்த மண்ணில் நான் இன்னொருத்தியோடு பேசிய முதல் பேச்சு அந்தச் சிரிப்புதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் வளர்ந்தது. காக் வீட்டுக்குப் போகும்முன் வாசல் குழாயில் கைகால் கழுவிவிட்டுத்தான் படியேறுவேன். அவர் கேட்டு நான் செய்ததல்ல. நாய் எச்சில் பட்டால் அவர்கள் மண்ணும் நீருமாக ஏழு தடவை கழுவ வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இப்போது இருவரும் பாசிர் கூடாங்கில் பிள்ளைகளோடு இருக்கிறோம், இரண்டு தெரு தள்ளி. செருப்புக்காதனை நிஜ மனிதர்களை வைத்துப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று ரீத்தா சொன்னதும், நான்தான் ஆசையாகக் காக்கை அழைத்துப் போனேன்.

சே, என்ன படம் அது! கோட்டால் வரைந்த பிள்ளைக்கு மயிர் முளைக்க வைத்திருக்கிறார்கள். ஈறு தெரிகிறது, ஈறில் நரம்பு தெரிகிறது. கொட்டகை அகலத்துக்கு ஒரு நாக்கு, அதிலிருந்து நூல் நூலாக எச்சில். என் மடியில் இருந்த சோளப்பொரியை அப்படியே மூடி வைத்துவிட்டேன். முடிவில் ஒரு வீட்டுப் பெண் அவன் கழுத்தில் பெயர் எழுதிய பட்டையைக் கட்டுகிறாள், அவன் அவள் வாயை நக்குகிறான். மறு வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், வேலி ஓட்டையை ஆணி வைத்து அடைக்கிறார்கள். அந்த இடத்தில் காக் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அவருடைய மார்க்கத்துக்கு ஆகாததைக் காசு கொடுத்துக் காட்டிவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. போனால் என்ன சொல்வது? இந்த வயதில் அவரும் இல்லையென்றால் எனக்கு இங்கே யார்?

ரீத்தா பொழுதுபோக்காக, படத்தைப் பற்றி ஜனங்கள் எழுதியதைக் கைப்பேசியில் வாசித்துக்கொண்டிருந்தாள். "நாக்கு என்ன தத்ரூபம்!" "ஈரம்கூடத் தெரியுது!" "பழசைப் பிடிச்சுத் தொங்குற கிழடுங்க வீட்டுலயே கிடங்க." ஊரிலிருந்து என் அண்ணன் மகள் குரல் அனுப்பியிருந்தாள்: "சூப்பர் படம் அத்தை! கடைசியில அழுதுட்டேன். ஒரு நாய்னா ஒரு வீடுதானே அத்தை?"

எனக்கு அருவருப்பாக இருந்தது எச்சில் அல்ல, அந்த 'ஒரு வீடு' என்ற பேச்சுதான். அம்பது வருஷத்துக்கு மேலாகியும் என் பையில் சிவப்பு அடையாள அட்டைதான், இருந்துகொள்ளலாம், குடிமகள் இல்லை. ஊருக்குப் போனால் மலேசியாக்காரி என்கிறார்கள். வேலி ஓட்டையை அடைப்பதைப் பார்த்து அழுகிறார்களாம், சந்தோஷத்தில்!

ஒரு வாரம் இருக்கும். காக்கே கரிபாப் பலகாரப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, கால் உடைஞ்சிருச்சா? ஆளையே காணோம்?"

"இல்ல காக்... அந்த நாய், எச்சில்... தெரியாம உங்களக் கூட்டிட்டுப் போயிட்டேன். மன்னிச்சிருங்க."

"அலமாக்! திரையில ஒழுகுற எச்சில் என் மேல ஒட்டுமா?" என்று தலையில் கை வைத்தார். "அப்படின்னா அந்தக் காலத்துல தினம் பார்த்தோமே, அது என்ன, பூனையா?"

"பின்ன ஏன் எழுந்து போனீங்க?"

"பட்டை கட்டுனாங்களே, அதுக்கு! சி செலிப்பாருக்கு எதுக்கு அக்கா பட்டை? அவனுக்கு இந்தப் பக்கமும் சோறு, அந்தப் பக்கமும் சோறு. அசிங்கம் பிடிச்சவனுங்க."

எங்கள் ஊர்ப் பெண்கள் மாதிரியே எழுந்து போயிருக்கிறார். நான் அது எச்சிலுக்காக என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் செத்தேன். பழக்கம் விடவில்லை, கரிபாப்பை வாங்குமுன் குழாயடியில் கை கழுவினேன். "நாயே இல்லாத வீட்டுல எதுக்குக் கழுவுற?" என்று கத்தினார்.

கரிபாப் தின்றுகொண்டே சண்டை வந்தது. அவன் தலை புகைக்கூண்டு வைத்த வீட்டில்தான் இருக்கும் என்கிறேன் நான். அங்கே வால்தான், தலை ஓட்டு வீட்டில் என்கிறார் காக். பழைய கார்ட்டூனைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம்? இல்லை, நாளுக்கு நாள் மாறிப் படுத்தானா?